பாலாடையை நான்தான் சாப்பிட்டேன்

அரசாங்கம் ஒருவருக்குப் பணி ஓய்வு கொடுக்கும்போது நாற்காலியைத்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறது. விதிமுறைகளை வாங்கிக்கொள்வதில்லை. அவை தலைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன, செய்வதற்கு வேலையில்லாமல். அப்படிச் சும்மா இருக்கும் விதிமுறையைப் போல ஆபத்தான பொருள் ஒரு வீட்டில் வேறெதுவும் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் அதை நான் வைத்திருக்கிறேன்.

தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முதல் தலைமுடியே இல்லாத காலம் வரை சுங்கத் துறையில் இருந்தேன். பெரும்பகுதி விமான நிலையத்தில். வெள்ளி எந்த வேடத்தில் வந்தாலும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு (நானே வைத்துக்கொண்டது). பெல்ட் கொக்கியாக வந்திருக்கிறது, கறுப்புச் சாயம் பூசிய மிக்ஸி பாகமாக வந்திருக்கிறது. என்னைத் தாண்டிப் போனதில்லை. இந்தத் தகவலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் இன்னும் வலிக்கும்.

பேத்தி பிறந்ததை ஒட்டி நானும் என் மனைவி சரசுவும் கடல் தாண்டி, சன்னிவேலில் மகன் கார்த்தி வீட்டில் தங்கியிருந்தோம். மருமகள் நித்யாவின் அம்மா செண்பகமும் அங்கேதான் இருந்தார். நாங்கள் ஈரோட்டுப் பக்கம். அவர் திருநெல்வேலி. இரண்டு சமையல், ஒரே சமையலறை. சண்டை என்று எதுவும் கிடையாது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டு எங்களுடையது, கீழ்த்தட்டு அவருடையது, தேங்காய்த் துருவல் மட்டும் பொதுச்சொத்து. இரண்டு நாடுகள் மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டே எல்லையில் வேலி போடுவதில்லையா, அப்படி.

சம்பந்தியம்மா ஊரிலிருந்து வரும்போது ஒரு வெள்ளிச் சங்கு கொண்டுவந்திருந்தார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், உள்ளங்கையில் அடங்கும். அவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகள் எல்லாம் அதில் குடித்துத்தான் வளர்ந்தார்களாம், நித்யா உட்பட. லிவர்மோர் கோயிலில் எங்கள் பேத்திக்கு யாழினி என்று பேர் வைத்த அன்று, முதல் வாய்ப் பாலை அந்தச் சங்கில் புகட்டும் மரியாதையை எனக்குக் கொடுத்தார்கள். புகட்டினேன். எந்தக் கோணத்தில் சாய்த்தால் புரையேறாது என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே புகட்டினேன். சம்பந்தியம்மா அப்போது அந்தக் கிண்ணத்துக்கு அவர்கள் ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று புகைப்படக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததால் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

யாழினிக்கு ஐந்து மாதம் ஆனபோது சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பும் வாரம் வந்தது. திருநெல்வேலியில் அவருடைய இளைய மகளுக்குப் பிரசவ நேரம். அந்தக் குழந்தைக்கும் முதல் பால் அந்தச் சங்கில்தான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவர் கிளம்புவதற்கு முன் எல்லோருமாக எங்காவது போய்விட்டு வரலாம் என்றான் கார்த்தி.

"லாங் வீக்கெண்ட் வருதுப்பா. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோஸ்ட் டவுன் இருக்கு. டிரைவ் பண்ணிப் போயிட்டு வந்திடலாம்."

"பேய் ஊருக்கா? கைக்குழந்தைய வெச்சுக்கிட்டா?" என்றாள் சரசு.

"பேய் இல்லம்மா, ஆளில்லாத ஊரு. பழைய சில்வர் மைன். வெள்ளி தீர்ந்துச்சு, எல்லாரும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க."

வெள்ளி என்ற சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரசு என்னைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து, "வேற ஊரே கெடைக்கலையா கண்ணு உனக்கு?" என்றாள்.

போகிற வழியெல்லாம் நான் உபயோகமான தகவல்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் நித்யா எல்லோருக்கும் நீளநீளமான சீஸ் துண்டுகளை எடுத்து நீட்டினாள். சீஸ் என்று சொல்வானேன், தமிழில் பாலாடைக்கட்டி என்று அழகான சொல் இருக்கிறதே என்றேன். எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். நல்ல விதை விழுந்ததும் முளைத்துவிடாது என்று எண்ணிக்கொண்டேன்.

மலையைத் தாண்டியதும் ஒரு வெந்நீர் ஊற்றில் நிறுத்தினோம். பாறைக்கு நடுவே ஆவி பறக்கத் தண்ணீர். ஊரெல்லாம் அழுகின முட்டை நாற்றம். அது கந்தகம் என்றும், அதன் இயல்புகள் இன்னின்ன என்றும் நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் காரில் ஏறிவிட்டார்கள். சம்பந்தியம்மா மட்டும் சற்றுப் பின்தங்கி, முந்தானையால் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது. கந்தகம் வெள்ளியை என்ன செய்யும் என்பது நான் சொல்லவிருந்த அடுத்த வாக்கியம்.

அன்றிரவு மோட்டலில் தங்கிவிட்டு, காலையில் புறப்பட்டோம். காரில் கடைசியாக ஒரே ஒரு சீஸ் துண்டு மிச்சமிருந்தது. யாரும் பார்க்காதபோது அதை நான் சாப்பிட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஒரு மொட்டை மேட்டில் இருந்தது. மரம் கிடையாது. புதர்களும் காற்றும்தான். மரப்பலகை வீடுகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நின்றன. யாரோ ரகசியம் சொல்ல, அத்தனை வீடும் காதைக் கொடுத்துக் கேட்பதுபோல. மதுக்கடையின் தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் புட்டிகள் வரிசை குலையாமல் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை, பெஞ்சு, ஒரு உலக உருண்டை. ஒரு வீட்டில் மேசைமேல் தட்டுகூட இருந்தது, சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போனதுபோல. இதை நான் வெகுநேரம் பார்த்தேன். நம்மவர்கள் காலி செய்த வீடாக இருந்தால் சுவரில் ஆணிகூட மிஞ்சியிருக்காது. மேட்டின் உச்சியில் துருப்பிடித்த தகரத்தில் பெரிய ஆலை. பாறையை இடித்து வெள்ளி பிரித்த இடம். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கழிவுக் குன்று, இன்றுவரை அதன்மேல் ஒரு புல்கூட முளைக்காமல்.

நுழைவாயில் பலகையில் விதிகள் தெளிவாக இருந்தன. எதையும் எடுக்கக் கூடாது. துருப்பிடித்த ஆணியானாலும், உடைந்த கண்ணாடியானாலும், இந்த ஊரில் உள்ளது இந்த ஊருக்கே. எனக்கு அந்தப் பலகை மிகவும் பிடித்துப்போனது. ஒருமுறை படித்தேன். குடும்பத்தாருக்காக இன்னொரு முறை சத்தமாகப் படித்தேன்.

நான் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. மற்றவர்கள் நிழல் தேடி எங்கோ ஒதுங்கினார்கள். ஆலையில் நான் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துத் திரும்பியபோது அவர்கள் கார் பக்கம் போய்விட்டிருந்தார்கள். சரசு மட்டும் எனக்காக நின்றாள். வரும் வழியில் ஒரு இடிந்த கல்கட்டடம். கூரை கிடையாது, ஒரு சுவரும், அதன் நிழலும், மூலையில் செங்கல் உலையும். வெள்ளியைத் தரம் பார்க்கும் கூடம் என்று பலகை சொன்னது. அதாவது, நூறாண்டுகளுக்கு முன் இந்த ஊரில் என் வேலையைப் பார்த்தவர் உட்கார்ந்த இடம். நான் உள்ளே காலை வைத்தேன்.

உலைக்குப் பக்கத்தில், புழுதியில் பாதி புதைந்து கிடந்தது அது.

கறுப்பு. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் ஊற்றுவதற்கு வசதியாக நீண்ட மூக்கு. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். உருக்கிய வெள்ளியை அச்சில் வார்க்கும் சிறிய கரண்டி, சந்தேகமே இல்லை. அடிப்பக்கம் புள்ளிபுள்ளியாக ஏதோ பொறித்திருந்தது. புழுதி அப்பியிருந்ததில் ஒரு சுழியும் சில கொக்கிகளும் தெரிந்தன.

"உலை முத்திரை," என்றேன்.

"ஏனுங்க, அதைத் தொடாதீங்க. போர்டுல போட்டிருக்கில்லங்க," என்றாள் சரசு.

"தொடக் கூடாதுங்கறது பொதுமக்களுக்கு. நடக்கற வழியில கெடக்குது. யாராவது எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டா? முறைப்படி ஒப்படைக்கோணும்."

"என்னமோ பண்ணுங்க. எனக்குக் கால் வலிக்குது."

கைக்குட்டையில் வைத்து, ஊரைக் காவல் காக்கும் ரேஞ்சரிடம் கொண்டுபோனேன். பழைய வீடு ஒன்றின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். அகன்ற தொப்பி, என் மகனைவிட இளைய பெண். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது; தமிழில் தருகிறேன்.

"ஐயா, எந்தப் பொருளையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு எங்களிடம் சொன்னால் போதும்," என்றார் மென்மையாக.

நான் அவருடைய சிறு வயதை மன்னித்தேன். என் முன்னாள் பதவியைச் சொன்னேன். கண்டெடுத்த இடம், நேரம், நிலை, சாட்சி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் துறையில் இதற்கு மகஜர் என்று பெயர், இரண்டு சாட்சி வேண்டும், இங்கே ஒரு சாட்சிதான் இருக்கிறார், அதுவும் மனைவி, இருந்தாலும் ஏற்கலாம் என்றேன். சாட்சி அப்போது நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரேஞ்சர் கையுறை மாட்டிக்கொண்டு பொருளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு ஓய்வு பெற்ற அதிகாரியிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. உருக்கிய வெள்ளியை வார்க்கும் கரண்டி, வார்ப்பிரும்பு, அடியில் உலை முத்திரை என்று சொல்லச் சொல்ல, அவர் ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொண்டார். அடையாளம் சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர். பெயருக்குப் பின்னால் 'ஓய்வு' என்று சேர்க்கச் சொன்னேன். அட்டையை நூலால் அதன் மூக்கில் கட்டினார்.

அத்தோடு நான் எழுந்திருக்கலாம். ஆனால் பொருளைப் பத்திரப்படுத்துவது பற்றி அவருக்கு யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று எனக்குப் பட்டது.

"ஒன்று கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்," என்றேன். "பதிவு செய்த பொருளை வாய்வார்த்தையை நம்பித் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. யாராவது வருவார்கள். என் பாட்டன் சொத்து என்பார்கள். கண்ணீர்கூட விடுவார்கள். நான் பார்க்காத கண்ணீரா? புகைப்பட ஆதாரம் கேளுங்கள்."

"நிச்சயமாக, ஐயா," என்றார். மத்தியானம் கிளம்பும் வண்டியில் அது நகரத்திலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகும், நிபுணர்கள் ஆராய்வார்கள், சில மாதம் ஆகும் என்றும் சொன்னார். எனக்குப் பரம திருப்தி. இரண்டு நாடுகளின் நிர்வாகம் கைகுலுக்கிக்கொண்டது.

கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துவைத்திருந்தார்கள், ஆனால் யாரும் சாப்பிடவில்லை. சம்பந்தியம்மா குழந்தையின் பையைக் கவிழ்த்துப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நித்யா காருக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி," என்றார் சம்பந்தியம்மா, கிட்டத்தட்ட அழுகிற குரலில். "பாலாடையக் காணலயே."

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி என்பதை மறைக்க விரும்பவில்லை. சொல்லி ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் சம்பந்தியம்மா நல்ல தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டார். கட்டியை விட்டுவிட்டார், பரவாயில்லை, புழக்கத்தில் சொற்கள் தேய்வது இயல்பு. மகிழ்ச்சிக்கு அடுத்தபடியாகத்தான் குற்ற உணர்ச்சி வந்தது. ஆனால் நான் ஒளிக்கிறவன் இல்லை.

"பாலாடையை நான்தான் சாப்பிட்டேன் சம்பந்தியம்மா," என்றேன்.

அவர் பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "என்னது?"

"காலையில கார்லயே சாப்பிட்டுட்டேனுங்க. பசிச்சுது."

"பாலாடையவா சாப்பிட்டிய?"

"ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. கேக்காம எடுத்தது தப்புதான்."

"ஒண்ணுதான அண்ணாச்சி இருந்ததே! எங்க வீட்டுல நாலு தலைமுறையா இருந்ததுல்லா!"

கோபத்தில் மனிதர்கள் மிகைப்படுத்துவார்கள். நான் பொறுமையாக, "பழசுன்னு எனக்கும் பட்டுச்சுங்க. ஓரத்துல கடிக்கவே முடியல," என்றேன். "அதுக்கென்ன, போற வழியில வேற வாங்கிக்கலாம். எல்லாக் கடையிலயும் பாக்கெட் பாக்கெட்டா வெச்சிருக்கான்."

சம்பந்தியம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி நித்யா, இங்கன வா. உங்க மாமாவுக்கு வெயிலு தலைக்கு ஏறிட்டு. தண்ணி கொண்டா."

நித்யா ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, அம்மா கேக்குறது சீஸ் இல்ல. பாப்பாவுக்குப் பால் குடுப்போமே, வெள்ளியில... நீங்க சங்குன்னு சொல்வீங்கல்ல? எங்க ஊர்ல அதுக்குப் பேரு பாலாடை."

எனக்குத் தமிழ் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அத்துடன் முடிந்தது.

"வெள்ளிச் சங்கா? பளபளன்னு இருக்குமே, எங்க போயிடும், இந்தப் புழுதியில கண்ணப் பறிக்குமே," என்றேன், நிலைமையை என் கையில் எடுத்துக்கொண்டு. "எங்க கடைசியாப் பாத்தீங்க?"

"அந்த இடிஞ்ச கட்டடத்துல, சுவரு நெழல்ல உக்காந்து பாப்பாவுக்குக் குடுத்தேன். அங்கனயும் போயித் தேடிட்டேன், இல்ல." அவர் குரல் இறங்கியது. "இப்ப பளபளன்னும் இல்ல அண்ணாச்சி. நேத்து அந்த ஊத்துல சுடுதண்ணிதானன்னு கழுவினேன். எடுத்துப் பாக்கேன், கறேல்னு இருப்புச்சட்டி கணக்கா ஆயிட்டு. உங்ககிட்டச் சொன்னா அரைமணி நேரம் விளக்கம் சொல்லுவியளேன்னு சொல்லல."

கறுப்பு. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் மூக்கு. இடிந்த கட்டடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் குற்றவாளிகள் எந்தக் கட்டத்தில் பேச்சை நிறுத்துவார்கள் என்பதை நன்றாக அறிவேன்.

சரசு வறுவல் டப்பாவை மெதுவாக மூடினாள். "ஏனுங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்தத் தொப்பி போட்ட புள்ளகிட்ட என்னமோ குடுத்தீங்களே?"

நாங்கள் ஐந்து பேரும் குழந்தையும் ரேஞ்சரின் முன்னறைக்குள் நுழைந்தபோது, பாலாடை ஒரு பிளாஸ்டிக் பைக்குள், மற்ற பொருள்களோடு மரப்பெட்டியில் இருந்தது. பெட்டி வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. வெளியே வண்டி நின்றது. அது கிளம்பினால் திருநெல்வேலியில் பிறக்கப்போகும் குழந்தை முதல் பாலை எதில் குடிக்கும் என்று சம்பந்தியம்மா கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்டிருந்தால் தேவலை.

நான் தொண்டையைச் செருமினேன். "காலையில் ஒப்படைத்த பொருளில் ஒரு சிறு திருத்தம்," என்றேன். "அது இவர்கள் குடும்பத்துச் சொத்து."

ரேஞ்சர் என்னை மரியாதையோடு பார்த்தார். "ஐயா, யாராவது வந்து இப்படிச் சொல்வார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

"ஆமாம்."

"வாய்வார்த்தையை நம்பக் கூடாது என்றீர்கள்."

"சொன்னேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. நான் நல்ல அதிகாரிகளை அறிவேன். அவர் உண்மையிலேயே நான் சொன்னதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் என் அறிவுரையை முழுதாகக் கேட்டு நடந்த முதல் ஆள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்றான் கார்த்தி.

"அடியில ஏதோ எழுத்து இருக்குமே," என்றாள் நித்யா, அம்மாவிடம்.

"ஆமா, எங்க ஆச்சி பேருல்லா வெட்டியிருக்கு," என்றார் சம்பந்தியம்மா. நம் வீட்டுப் பாத்திரங்களில் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டுவோமே, அது. நான் ஈரோட்டில் என் வீட்டுக் குண்டான் முதல் கரண்டி வரை தினமும் பார்க்கும் அது.

ரேஞ்சர் பொருளை வெளியே எடுத்து, ஒரு தூரிகையால் அடிப்பக்கத்துப் புழுதியைத் துடைத்து என்னிடம் காட்டினார். "இதை உலை முத்திரை என்றீர்கள். இப்போது என்னவென்று படிக்கிறீர்கள்?"

காலையில் நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். நேராகப் பிடித்தால் சுத்தமான தமிழ்.

"பேச்சியம்மாள்," என்று படித்தேன்.

"அப்பாடி," என்றார் சம்பந்தியம்மா. "அண்ணாச்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா!"

ஆனால் ரேஞ்சருக்குத் தமிழ் தெரியாதே. நான் எதைப் படித்தாலும் அது என் வாய்வார்த்தைதான். காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாகப் படிக்கும் சாட்சியை நானே நம்பியிருக்க மாட்டேன். "புகைப்படம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்கள் சொன்னபடி," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த மேட்டில் சிக்னல் கிடையாது. நித்யாவின் ஃபோனுக்குள் இருப்பதுதான் ஆதாரம். குழந்தையின் படங்களை அவள் தள்ளத் தொடங்கினாள். தூங்கும் படம், கொட்டாவி விடும் படம், மறுபடி தூங்கும் படம். வெளியே வண்டிக்காரர் கதவைத் திறந்து மூடினார். சம்பந்தியம்மாவின் கை என் மனைவியின் கையை இறுகப் பிடித்திருந்தது. யாழினிகூட அழவில்லை.

"இந்தா!" என்றாள் நித்யா.

லிவர்மோர் கோயில். பேர் வைத்த நாள். படம் பிரமாதமாக வந்திருந்தது, வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து. குழந்தையின் வாயருகே பளபளக்கும் பாலாடை, மூக்கு, வளைவு எல்லாம் தெள்ளத் தெளிவாக. ரேஞ்சர் படத்தை விரல்களால் பெரிதாக்கினார். பாலாடை பெரிதானது. அதைப் பிடித்திருந்த கை பெரிதானது. கையில் கட்டியிருந்த கடிகாரம் பெரிதானது. அவர் கண்கள் மெல்ல நகர்ந்து என் மணிக்கட்டுக்கு வந்து நின்றன.

"ஐயா, இது நீங்களா?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அது சாட்சியத்தை மறைப்பதாகும்.

"நான்தான்," என்றேன்.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சிறிது நேரம் தொப்பிக்குள் ஏதோ தேடினார். தோள்கள் குலுங்கின. தொப்பியிலிருந்து வெளியே வந்தபோது முகம் உத்தியோகபூர்வமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி பாக்கி: படத்தில் வெள்ளை, கையில் கறுப்பு, எப்படி? சம்பந்தியம்மா வெந்நீர் ஊற்றுக் கதையை நெல்லைத் தமிழில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, நித்யா ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஊற்றில் மோதிரத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு வருபவர்களை வாராவாரம் பார்க்கிறேன் என்றார் ரேஞ்சர். கந்தகம் வெள்ளியை என்ன செய்யும் என்று அவரே விளக்கினார். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

முறைப்படி, அட்டையில் எழுதியதை அவர் அழிக்கவில்லை. ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, கீழே 'குழந்தைக்குப் பால் புகட்டும் கரண்டி' என்று எழுதி, திருத்தத்துக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். 'ஓய்வு' சேர்க்கவில்லை. நூலை அவிழ்க்கக் கத்தரிக்கோலை எடுத்தபோது சம்பந்தியம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"அது இருக்கட்டும்மா. அப்படியே குடு."

திரும்பும் வழியில் காரில் நான் எந்தத் தகவலும் சொல்லவில்லை. வெகுதூரம் வந்த பிறகு பின்சீட்டில் சம்பந்தியம்மா மெதுவாக, "ஓரத்துல கடிக்கவே முடியலயாம்," என்றார். சரசுதான் முதலில் வெடித்தாள். பிறகு நித்யா. கார்த்தி ஃப்ரீவேயில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. என் மனைவியும் சம்பந்தியம்மாவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிரவு சன்னிவேலில் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, எங்கள் தயிரும் அவருடைய புளிக்குழம்பும் ஒரே தட்டில் இருந்தன. சமாதானத்துக்காக நான் எதையும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பாலாடை குறித்த வாரத்தில் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் பழையபடி வெளுத்தும்விட்டதாம். அங்கே ஆண் குழந்தை. முதல் பால் அதில்தான். அட்டையும் பத்திரமாக இருக்கிறது. பாலாடையை வைத்திருக்கும் மரப்பெட்டியில், அடித்த கோட்டுக்குப் பின்னால் என் நிபுணத்துவமும் கோட்டுக்குக் கீழே என் கையெழுத்துமாக, அந்த வீட்டில் இனிப் பிறக்கப்போகும் எல்லோருக்கும் அது போய்ச்சேரும். குழந்தை பார்க்க வருகிறவர்களுக்குச் சம்பந்தியம்மா முதலில் அட்டையைக் காட்டுகிறார், அப்புறம்தான் குழந்தையை.

யாழினிக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். நடந்த கதை அவளுக்குத் தெரியாது, ஆனால் வீட்டில் எது காணாமல் போனாலும் என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும். போன வாரம் வீடியோவில் பேசும்போது அவளுடைய ஒரு ஷூவைக் காணவில்லை. சோஃபாவுக்கு அடியில் பார்த்தாள். பிறகு ஃபோனுக்கு வெகு அருகில் வந்து, என்னை ஏறஇறங்கப் பார்த்து, முழு அக்கறையோடு கேட்டாள்:

"தாத்தா, டிட் யூ ஈட் இட்?"

இல்லை என்று சொன்னேன். வாய்வார்த்தையை அவள் நம்பவில்லை. வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். சோதனை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். குழந்தைக்கு முறை தெரிந்திருக்கிறது.